உன் கரைசலை நான் தொடவேயில்லை, ஷமீமா

ஷமீமா கண்ணு,

நீ சொன்னதுதான் சரி. மத்ததெல்லாம் அப்புறம், இதை மொதல்ல சொல்லிப்போடறேன். உன்ற பாக்டீரியாவோட ரைபோசோம் அந்தச் சூட்டுலயும் குலையாம நின்னுச்சு. போன வாரம் மூணு தடவை என் கண்ணால பாத்தேன்.

சென்னிமலைப் பக்கம் சாயப்பட்டறையில, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி விழுற தொட்டிக்குள்ள கையை நீட்டி அதைப் புடிச்சுட்டு வந்தவ நீ. விரல் கொப்புளிச்சும் குப்பியைக் கீழ போடலையே! "ஏனுங்கக்கா, இந்தச் சூட்டுலயும் இது சோறாக்கிச் சாப்பிடுதுன்னா, அதோட அடுப்பு எப்படிப்பட்டதா இருக்கும்?"னு கேட்டே. அடுப்புன்னு சொன்னது ரைபோசோமை. எந்த உயிருக்கும் புரதம் செஞ்சு குடுக்கறது அதுதான். நம்ம குடல்ல இருக்கிற சாதா பாக்டீரியாவோடது சூடு ஏறுனா குலைஞ்சுபோகும். இது அதைவிட அதிகமாத் தாங்குதுன்னு நீ கண்டுபுடிச்சே.

நான் செஞ்சு பாத்தப்ப ரெண்டும் ஒண்ணுபோலக் குலைஞ்சுது. ஆய்வுக்கூடத்துல எல்லாரும் உக்காந்திருக்கையில, "சூட்டைச் சரியாப் பாக்கலை, அவசரக்குடுக்கை"ன்னு சொல்லிப்போட்டேன். நீ சண்டைக்கு வரலை. "சரிங்க மேடம், இன்னொருக்கா செஞ்சு பாத்துக்கலாமுங்க"ன்னே. அக்கான்னு கூப்பிடற வாயில மேடம்! நம்மூர்ல மரியாதை கூடுனா கோவம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அடுத்த வேலையைப் பாக்கப் போயிட்டேன். அந்த இன்னொருக்கா வர்றதுக்குள்ள, பத்து நாள் காய்ச்சல்ல நீ போயிட்டே.

அடுத்தவங்க கலக்குன கரைசலை நான் தொடமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே. நீ கலக்கி, அளவெல்லாம் மேல எழுதிக் குடுத்த பாட்டிலை ஒதுக்கிவெச்சுட்டு, ரைபோசோமைச் சூடு பண்றப்ப என்னோடதை ஊத்துனேன். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? ரைபோசோமோட துண்டுகளைச் சேத்துப் புடிக்கறது மெக்னீசியம். நீ எழுதிவெச்ச அளவோட இப்ப ஒப்பிட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, என்னோடதுல அது கம்மி. அதனால ரெண்டுமே சீக்கிரம் குலைஞ்சுது.

இப்ப உன் அளவுப்படியே கலக்கிப் பாத்தேன். ரெண்டு பாக்டீரியாவுக்கும் நீ ஒரே கரைசலைத்தான் ஊத்தியிருக்கே, ஒண்ணுக்குக்கூடச் சலுகை காட்டலை. அப்பவும் சாதாவோடது முன்னாடி குலையுது, உன்னோடது நிக்குது. என்ன நேர்மையான சோதனை! இத்தனை வருசம் இந்த வேலையில இருந்தும் எனக்கு அந்தப் பொறுமை வரலையேடி.

நேத்து கோட்டைமேட்டுல உங்கூட்டுக்குப் போனேன். "ஷமீமா செஞ்சது சரிங்கம்மா, தப்பு என்னோடது"ன்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன். டீயைக் கையில குடுத்துட்டுப் பேசுனாங்க.

"எனக்கு அந்தப் படிப்பெல்லாம் தெரியாதுங்க கண்ணு. ஆனா ஆஸ்பத்திரியிலயும், 'நான் சரியாத்தானேம்மா பாத்தேன்'னு கேட்டுட்டே இருந்தாளுங்க. நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

டம்ளரைக் கீழ வெச்சேன். அழுதுபோட்டேன்.

வர்ற திங்கக்கிழமை அதே அறையில, அதே ஆளுங்க முன்னாடி எந்திரிச்சு நிக்கப்போறேன். கட்டுரையில உன் பேருதான் மொதல்ல. என் பேரு, தப்பு எப்படி நடந்துச்சுங்கிற பத்தியில வரும். உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். முன்வரிசையில உக்காரவெச்சு, அவங்க காதுபட, அவங்களுக்குப் புரியற பேச்சுலயே சொல்றேன்.

உன்கூடப் பொறக்காமப் போன அக்கா,
பூங்கொடி