கீழ்வீட்டுச் சூடு

இன்று காலை ஹைசுங்கை, அறையைச் சூடாக்கும் அந்த இரும்புக் கருவியை, இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாகத் திறந்தேன். கோடை முழுவதும் அதன் இடுக்குகளில் படிந்திருந்த தூசி கருகி, அந்த வாசனை அறை எங்கும் பரவியது. "ஆரோ தூசியைப் பொரிக்கினம்" என்று ஒவ்வோர் ஒக்டோபரிலும் சொல்வீர். வைகாசியில் நீர் கண்ணை மூடிவிட்டதால் இம்முறை சொல்ல ஆளில்லை. நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

ஜேர்மனியின் அகதி முகாமை விட்டு இந்த வீட்டுக்கு நாம் கணவனும் மனைவியுமாக வந்த எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம்தான் நினைவுக்கு வருகிறது. முகாமில் சூட்டுக்கு நாம் காசு கட்டவில்லை. இங்கே வருட முடிவில் கணக்கு வரும் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகு, ஹைசுங்கின் திருகைத் தொடவே பயந்தோம். நான் வழக்கம்போல முறையாகத் தொடங்கினேன். கதவின் அடியில் பழந்துணிச் சுருள் வைத்தேன். யன்னல் விளிம்புகளில் செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டினேன். ஒட்டியபின் வாசிக்க முடியாமல் போன பக்கங்களைப் பற்றிச் சிறிது வருந்தினேன். நீரோ வெறுங்காலோடு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தீர். நடுவறையில் திடீரென்று நின்றீர்.

"இஞ்சாருங்கோ, சொக்ஸைக் கழட்டிப்போட்டு இதிலை வந்து நில்லுங்கோ."

நின்றேன். பலகைத் தரை இளஞ்சூடாக இருந்தது.

"கீழ்வீட்டு மனிசி எரிக்கிறா. சூடு மேலைதானே வரும்? நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ."

மேலேதான் வரும் என்று ஒப்புக்கொண்டேன். "ஆனால் அது அவவின்ரை சூடல்லோ?"

"அது தானா வருது. வாறதை வரவேண்டாமெண்டு சொல்லுறதே?"

நடுவறை ஹைசுங்கை அந்தக் குளிர்காலம் முழுக்கத் திறக்கவேயில்லை. கட்டிலைச் சுவரில் சாத்திவிட்டுப் பாய் விரித்தோம். சாப்பாடு தரையில், வானொலி தரையில், அகராதி தரையில். ஊரில்கூட நாம் இவ்வளவு தரையில் இருந்ததில்லை. யாராவது வந்து வியந்தால், "எங்கடை பண்பாடு இதுதானே" என்று கூசாமல் சொல்வீர்.

அடுத்த குளிர்காலம், தை மாதத்தில் ஒரு காலை, தரை குளிர்ந்திருந்தது. மறுநாள் இன்னும் குளிர்ந்தது. கீழ்வீட்டு மூதாட்டி தனியாக இருப்பவர். படிக்கட்டில் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம். இப்போது அவருடைய காலடிச் சத்தமும் கேட்கவில்லை. முதலில் நம்முடைய குளிரைப் பற்றித்தான் பேசினோம். பிறகு நீர் பேச்சை நிறுத்தி, தரையில் காதை வைத்தீர்.

"மனிசிக்கு என்னவும் நடந்திட்டுதோ?"

"பொலிசுக்குச் சொல்லுவமே?"

"என்னண்டு சொல்லுவியள்? எங்கடை நிலம் குளிருது எண்டோ? போய்க் கதவைத் தட்டுங்கோ."

"நீரும் வாருமன்."

"உங்களுக்குத்தானே ஜேர்மன் தெரியும். அந்த மனிசி விழுந்து கிடந்தால்? கெதியாப் போங்கோ!"

நம் அகதி விண்ணப்பம் முடிவாகாத காலம் அது. ஒரு ஜேர்மன் கதவைத் தட்டுவதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று நம்பியிருந்தவன் நான். அகராதியைப் பார்த்து, நீளமான, மிக மரியாதையான வாக்கியம் ஒன்றை அமைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் உதிர்ந்தது. நெடுநேரம் தட்டிய பிறகு கதவு திறந்தபோது என்னிடம் மிஞ்சியிருந்தது இதுதான்: "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?"

மூதாட்டி வீட்டுக்குள்ளேயே மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை சகிதம் நின்றார். சற்று யோசித்தார். "இதுவரை, ஆம்" என்றார். சொல்லிவிட்டு, நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார். உள்ளே தெருவைப் போலவே குளிர்.

ஏன் என்று கேட்டேன். தலைக்கு மேலே கையைக் காட்டினார். சூடான நாட்டுக்காரர் மேலே குடியிருக்கிறார்கள், அவர்கள் அடுப்பைப் போல எரிப்பார்கள், அதில் கொஞ்சம் தன் வீட்டுக்கும் இறங்காதா என்று சில நாட்களுக்கு முன் தன்னுடையதை மூடிவிட்டாராம். சூடு இறங்காது என்று விளக்க வாயெடுத்து, அது மரியாதையல்ல என்று மூடிக்கொண்டேன்.

"ஒன்றுமே வரவில்லை. உங்களுடையது பழுதா?" என்று கவலையோடு விசாரித்தார்.

எனக்குப் பின்னால் படியில் வந்து நின்ற உமக்கு மொழிபெயர்த்தேன். நீர் சிரித்த சிரிப்புக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"கள்ளி! எங்களை நம்பியெல்லோ இருந்திருக்கிறா!"

அவரும் இருமலும் சிரிப்புமாகக் குலுங்கினார். நீர் அவரைக் கைபிடித்து மேலே கூட்டிவந்து, குசினி ஹைசுங்கை ஒரே திருகில் முழுதாகத் திறந்தீர். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தீர். முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு கோப்பை குடித்தார்.

அதன்பின் ஒரு வாரம் நம் குசினி, மறுவாரம் அவருடையது. மூன்று பேருக்கு ஒரு சூடு. அவர் செய்த முதல் வேலை, என் செய்தித்தாள்களைக் கிழித்து யன்னலை விரியத் திறந்ததுதான். ஈரக் காற்றைச் சூடாக்குவது வீண், சுவரும் கறுத்துப்போகும், கொஞ்ச நேரம் திறந்துவிட்டு மூடுங்கள் என்றார். "காசு குடுத்துச் சூடாக்கிப்போட்டுத் தெருவுக்குத் திறந்து விடுறா. காய்ச்சல் தலைக்கேறிட்டுது" என்று நீர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு சோறு வடித்தீர். ஆனால் அவர் சொன்னது சரிதான். யன்னலை மூடியதும் அறை விரைவாகவே சூடேறியது. அதை நீர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் போய்ப் பல ஆண்டுகள். இந்த ஆவணியில் வீட்டுக்காரரின் மகன் தரையைப் பெயர்த்து, அடியில் தடித்த பஞ்சுப் பலகைகளைப் போட்டுவிட்டார். இனி ஒரு வீட்டுச் சூடு மறு வீட்டுக்குப் போகாதாம், செலவும் குறையுமாம். அப்படியானால் கீழே இருப்பவர் எப்படியிருக்கிறார் என்று எனக்கு எவ்வாறு தெரியும் என்று வேலையாளிடம் கேட்டேன். அது இந்தப் பலகையின் வேலையல்ல என்றார். நியாயமான பதில்.

கீழே இப்போது ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தனியாக இருக்கிறார். இன்று பின்னேரம் இறங்கிப் போனேன். பின்னால் நின்று என்னைத் தள்ள நீர் இல்லை. ஆனாலும் தள்ளப்பட்டேன். வாக்கியம் எதையும் தயாரிக்கவில்லை. கதவைத் திறந்தவர், என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

"அப்படியானால் உள்ளே வாருங்கள். சூடெல்லாம் வெளியே போகிறது" என்றார்.

போய் இருந்தேன்.