மாத்தே ஊற்றும் கை

அச்சாவோ,
ஜூலை மாதம், விடாத மழை.

அன்புள்ள நர்ஸ் மாகாரெனா அவர்களுக்கு,

பெலார்மினோ கார்கமோவை உங்களுக்கு நினைவிருக்கும். வலை இழுத்து இழுத்து வலது தோள் கிழிந்து, உங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மாதாமாதம் ஃபோனில் அவரிடம் நலம் விசாரிக்கிறீர்களே, நான் அவர் மனைவி எர்மெலிந்தா. வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், அதுவும் அவர் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. அதனால்தான் கடிதம். என் தங்கைக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் நீங்கள் பேசியது எனக்கும் கேட்டது. வலி பத்துக்கு எத்தனை என்றீர்கள். "பூஜ்யம்மா, டாக்டருக்குத் தங்கக்கை" என்றார். தலை சீவ முடிகிறதா என்றீர்கள். "ஜோரா சீவுறேன்" என்றார். மகளே, அவர் தலையில் முடியே கிடையாது. மேல் தட்டில் இருப்பதை எடுக்க முடிகிறதா என்றதற்கும் முடியும் என்றார். மேல் தட்டில் இருந்ததையெல்லாம் நான்தான் மேஜைக்கு இறக்கி வைத்திருக்கிறேன். நீங்களும் சந்தோஷப்பட்டு, "இவ்வளவு நல்லா தேறிட்டீங்களே, அடுத்த மாசமும் இப்படியே இருந்தா கைப் பயிற்சிக்கான இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம்" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பயிற்சி இல்லாவிட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

ஏன் பொய் சொல்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தீவில் ஒரு மரவீட்டை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால், ஊரே கூடி மாடு பூட்டி வீட்டை அப்படியே இழுத்து வைக்கும். மிங்கா என்போம். முடிந்ததும் வீட்டுக்காரர் எல்லோருக்கும் விருந்து வைத்து, வீடு பிரமாதமாக நிற்கிறது என்று சொல்ல வேண்டும். கதவு மூடவில்லை என்று முனகினால் மரியாதை போச்சு. எங்கள் வீட்டுக் கதவு இன்றுவரை மூடாது, அது வேறு கதை. உங்கள் டாக்டர் செய்ததும் இவருக்கு ஒரு மிங்காதான். நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். "அந்தப் பொண்ணு டாக்டருக்கா மார்க் போடுது? உன் தோளைப் பத்தித்தானே கேக்குது, கிழவா!" என்றேன். "நன்றி கெட்டவன்னு பேர் வாங்கச் சொல்றியா, கிழவி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் குடிப்போம். ஒருவர்தான் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அது அவர் வேலை, என்னைக் கெட்டிலைத் தொட விட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் தூக்கப் பார்த்தார், தோள் எழவில்லை. இடது கையால் ஊற்றினார், பாதி பூனை மேல் கொட்டிவிட்டது. "கெட்டிலுக்கு வயசாயிடுச்சு" என்றார். அப்புறம் தொடவே இல்லை. யாராவது வந்தால், "எர்மே ஊத்தட்டும், அவளுக்கு ரொம்ப நாள் ஆசை" என்கிறார். எனக்கு அப்படி ஓர் ஆசையும் இல்லை. நான் ஊற்றினால் கசக்கிறது. அதையும் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது.

அதனால் ஒரே ஒரு உதவி. அடுத்த முறை வலி பத்துக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். வீட்டில் மாத்தே ஊற்றுவது யார் என்று கேளுங்கள். வலியை மறைத்துவிடுவார், ஆனால் இதில் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது. பதிலே வராவிட்டால் ஃபோனை வைத்துவிடாதீர்கள் மகளே, கொஞ்சம் காத்திருங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் கன்னி மரியாள் துணையிருக்கட்டும். அவர் கை உயர்ந்த பிறகு ஒருநாள் கப்பலேறி எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நாம் இருவரும் உட்கார்ந்திருப்போம். அவர் ஊற்றுவார்.

இப்படிக்கு,
எர்மெலிந்தா