மோட்டார் தடை நீங்கிய வாரம்

7 ஜூன் 2010, திங்கள்
காலையிலேயே புழுக்கம். நேற்று ராத்திரி இரண்டாவது மழை, தெரு பூராவும் சேறு. ரேஷன் கடைக்குப் போகவில்லை.

பேரூராட்சி ஆள் வந்து சொன்னான்: வியாழக்கிழமை கூட்டம். கோடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் போகிறார்களாம். வீட்டு இணைப்புக்கு இனி தினமும் தண்ணீர், குழாயில் மோட்டார் போடவும் அனுமதி. இரண்டு மழை பெய்ததும் தலைவருக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

தினமும் விடட்டும், யார் வேண்டாமென்றது. மோட்டார்தான் வயிற்றெரிச்சல். எங்கள் கடைத்தெரு வீடுகள் உறிஞ்சினால் கடைசியில் இருக்கும் மாதாகோயில் தெருவுக்குக் காற்றுதான் வரும். என்னைக் கவுன்சிலர் ஆக்கிய தெரு. ரோஸ்லின் அண்ணி, என் அண்ணன் மனைவி, வெயிலில் வீடு வீடாக அலைந்து வாங்கித் தந்த ஓட்டு.

சாயங்காலம் அண்ணி வந்தாள். "மோட்டார மட்டும் உட்டுடாத ஸ்டெல்லா. தடை போட்டப்புறந்தான் எங்க கொழாய்ல தண்ணியவே பாத்தோம்."

விடமாட்டேன் என்றேன். பெரிய இவள் மாதிரி.

9 ஜூன், புதன்
மறுபடி வெயில்.
வாங்க: உளுந்து, துணி சோப்பு, மாமியாருக்கு மூட்டுவலித் தைலம்.

அவர் சிதம்பரம் போய் வந்தார். தைலம் மறந்துவிட்டதாம். அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் மறக்கவில்லை. திறந்தால் மோட்டார்.

"கூட்டமே நாளைக்குத்தான். அதுக்குள்ள என்னங்க அவசரம்?"

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. நீ சும்மா போயி உக்காந்துட்டு வா."

கவுன்சிலர் நானா நீங்களா என்று கேட்டேன். சாப்பாடு போடு என்றார். போட்டேன். குழம்பில் உப்பு ஜாஸ்தியாம்.

10 ஜூன், வியாழன்
கூட்டம். பெண் உறுப்பினர்கள் நாலு பேர், பின்பெஞ்சில் புருஷன்மார் நாலு பேர். டீ, போண்டா.

செயல் அலுவலர் தீர்மானத்தைப் படித்தார். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் பேப்பரைப் பார்த்தபடியே கேட்டார். எழுந்தேன்.

"தெனமும் தண்ணி உடுங்க. மோட்டார் மட்டும் வேணாம். மாதாகோயில் தெருவுக்கு சொட்டு வராது. எனக்கு ஆட்சேபணை இருக்கு."

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. பின்பெஞ்சைப் பார்த்தார். "என்ன மச்சான், வீட்ல பேசிக்கலயா?"

ஒரே சிரிப்பு. போன தேர்தல் வரை இவரை 'ஏய்' என்று கூப்பிட்ட வாய். இப்போது மச்சான். அதிலேயே இவருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது.

"அவுங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லீங்க, எழுதிக்குங்க" என்றார் என் புருஷன். செயல் அலுவலரும் எழுதிக்கொண்டார். ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது. நான் நின்றபடியே இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருக்கா, போண்டா ஆறுது."

அழுகைகூட வரவில்லை. இந்த மனுஷனோடு ஒரே வண்டியில் வீடு திரும்பினேனே, அதுதான் ஆறவில்லை.

12 ஜூன், சனி
மோட்டார் மாட்டியாச்சு. வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. மாடித் தொட்டி பொங்கி வழிந்தது. மாமியாருக்குச் சந்தோஷம்.

அவரோடு பேச்சு இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. தலைவலி, மாத்திரை ஒன்று. பால் வாங்க மாதாகோயில் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன்.

14 ஜூன், திங்கள்
காலையில் வாசலில் அண்ணி. நல்ல புடவை, கையில் பை. பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். கடலூர் போகிறார்கள், கலெக்டரிடம் மனு கொடுக்க. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். மனுல கவுன்சிலருங்க பேரெல்லாம் போட்டிருக்கு. உன் பேரும் இருக்கு."

"நான் வேணாம்னுதான் சொன்னேன் அண்ணி. எழுந்து நின்னு சொன்னேன்."

"ஒருமனதான்னுல்ல ஆபீஸ் வாசல்ல ஒட்டியிருக்காங்க."

பின்கட்டில் அவர் மோட்டாரைப் போட்டார். அண்ணி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். மற்றவர்களும்.

"ரெண்டு கொடம் புடிச்சிக்குங்க அண்ணி" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள்.