செத்தவனுக்கு ஒரு நாற்காலி

ஜூன் 14, 2025
கடை திறந்ததும் எட்டுப் பேருக்கு ஆதார் ஜெராக்ஸ். நடுவில் இலங்கையிலிருந்து பிரேமா ஒரு வீடியோ அனுப்பினாள். போன வாரம் அட்டனில் நடந்த எங்கள் தோழமை வட்டக் கூட்டம். அங்கே தேயிலை, இங்கே கரும்பு. பாம்பு இரண்டு நாட்டிலும் கடிக்கிறது. கடிபட்டவரை மந்திரிப்பவரிடம் கொண்டுபோகாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகத் தொண்டர்களைச் சேர்ப்பதுதான் வட்டத்தின் வேலை. ஐந்து வருஷமாக வியாழக்கிழமைதோறும் பிரேமாவோடு போனில் பேசிப் பேசி இதைக் கட்டியவள் நான். அட்டன் போகும் நான்கு பேரில் என் பெயரும் இருந்தது. கடைசி நேரத்தில் தலைவர் கங்காதரன் சார் அடித்துவிட்டார். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்மா."

வீடியோவில் சார் மேடையில் அழுகிறார். "என் தம்பி திலீப் கரும்பு வெட்டிக்கினு இருந்தான். கண்ணாடி விரியன் கடிச்சுது. மந்திரிக்கிறவன் வாசல்ல, என் மடியிலயே உசுரு போச்சு."

அது என் சின்னசாமி. அது என் மடி.

பதினோரு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பிரேமாவிடம்கூட, வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் போய்விட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சாரிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னேன், வட்டத்தில் சேர்ந்த அன்று, ஏன் சேருகிறாய் என்று அவர் கேட்டதால்.

ஜூன் 15
அந்த வாய் புழுத்துப் போகட்டும்.

ஜூன் 19
சார் கடைக்கு வந்தார். அட்டன்காரர்களுக்கு நன்றிக் கடிதம், பத்துப் பிரதி வேண்டுமாம். அது யார் கதை என்று கேட்டே விட்டேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"கத யாருதா இருந்தா இன்னாம்மா? ஜனம் அழுவுச்சா இல்லியா? முப்பது பேரு அங்கயே பேரு குடுத்தாங்க. வட்டத்துக்கு நல்லதுதானே?"

"ஆங் சார்" என்றேன். ஆங் சார்! இரண்டு தாள் கோணலாக வந்தது. அதையும் நல்ல தாளோடு சேர்த்தே கொடுத்தேன்.

ஜூன் 26
பிரேமாவின் போன். சாரின் தம்பி நினைவாக அங்கே ஒரு மரம் நட்டுப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்களாம். ஆகஸ்டில் இங்கே வரும்போது அதன் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவருகிறார்களாம். "அக்கா, அவரு குடும்பத்துல யாராச்சும் இருந்தா கூட்டத்துக்கு வரச் சொல்றீங்களா? கையில குடுக்கணும்."

"கண்டிப்பா வரச் சொல்றேன்மா."

திலீப் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறான். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறான். ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் அங்கே காதலித்துக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, "எனக்குத் தம்பியே கெடையாது" என்பது சாரின் பேச்சு.

இருக்கிறான் சார். கூட்டிவருகிறேன்.

ஜூலை 6
பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போனேன். கால் வலிக்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே தறி. நான் வந்த விஷயம் சொன்னதும் திலீப் தறியை நிறுத்திவிட்டான்.

"அண்ணன்தான் அனுப்புச்சாரு. மேடையில பக்கத்துல ஒக்கார வெச்சுக்கணும்னு ஆசப்படறாரு" என்றேன்.

"நைனா செத்தப்பகூட என்ன வாசல்லயே நிக்க வெச்சாருங்க. மெய்யாலுமா கூப்ட்டாரு?"

"சாமி சத்தியமா."

அவன் பெண்டாட்டி ஷோபனா ஓடிப்போய் கலர் வாங்கிவந்தாள். குடித்தேன். இனித்தது.

ஜூலை 7
"இன்னாம்மா, பாட்டெல்லாம் பாடிக்கினு கீற?" என்று மகள் கவிப்பிரியா கேட்கிறாள். பாடினேனா?

ஆகஸ்ட் 3
இன்று கூட்டம். கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். "யாருக்கும்மா?" என்றார். "குடும்பத்துக்கு சார்."

பிரேமா படத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குரல் மட்டுமே தெரிந்த பெண். நேரில் என்னைவிடக் குள்ளம். "தம்பி செத்ததைச் சொல்லி சார் அன்னைக்கு அழுததை எங்க தோட்டத்துல யாரும் மறக்கல" என்றாள். நான் மைக்கை வாங்கினேன். "அவரு குடும்பத்துலருந்து ஒருத்தரு வந்திருக்காருங்க. சாரோட ஒரே தம்பி. பேரு திலீப்."

மூன்றாவது வரிசையிலிருந்து திலீப் எழுந்து வந்தான். புதுச் சட்டை. கையில் அண்ணனுக்கென்று அவனே நெய்த வேட்டி.

சார் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. இந்தச் சிரிப்புக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். இதே மாதிரிதான், இதே சத்தத்தோடுதான் நினைத்து வைத்திருந்தேன்.

திலீப் படத்தை வாங்கிப் படித்தான். 'திலீப் நினைவாக.' இரண்டு தடவை படித்தான் போல.

"நான் செத்துப் பூட்டேன்னு சொன்னியாண்ணா?"

சார் தரையைப் பார்த்தார். திலீப் என் பக்கம் திரும்பினான். "இதுக்கா கூப்ட்டீங்க?"

வேட்டியை அந்தக் காலி நாற்காலியில் வைத்தான். இறங்கிப் போய்விட்டான்.

சிரிப்பு நின்றுபோனது. மைக் இன்னும் என் கையில் இருந்தது. என்ன பேசுவது என்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஒரு வரிகூட வரவில்லை. "செத்தவரு என் வீட்டுக்காரரு. பேரு சின்னசாமி. மந்திரிக்கிறவர்கிட்ட தூக்கிக்கினு போனது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவரு சொன்னாரு. நான்தான் கேக்கல." இதைச் சொல்ல நினைக்கவே இல்லை. ஏன் சொன்னேன்? எதிரே கவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இது இன்றுவரை தெரியாது.

ஆகஸ்ட் 5
சார் விலகல் கடிதம் அனுப்பிவிட்டார். ஒரே வரி.

ஆகஸ்ட் 6
பிரேமா ஊருக்குக் கிளம்புமுன் கடைக்கு வந்தாள். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா. அந்தத் தம்பிய வரவச்சிருக்க வேணாமே" என்றாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கவிப்பிரியா மூன்று நாளாக என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

ஆகஸ்ட் 24
வட்டத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். எதிர்த்து யாரும் கை தூக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் சார் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். இனித்தது. இன்னும் இனிக்கிறது. எனக்கு நானே எழுதுவதில் என்ன பொய்?

செப்டம்பர் 11
அட்டனில் மரத்தடிப் பலகையை மாற்றிவிட்டார்களாம். 'சின்னசாமி நினைவாக.' படம் வந்தது. கவிப்பிரியா என் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நானும் வட்டத்துல சேந்துக்கறேன்" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 13
பொதட்டூர்பேட்டை போனேன். மண்டபத்தில் விட்டுப்போன வேட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துப்போனேன்.

ஷோபனா வாசலிலேயே நின்றாள். "அவரு ஊட்ல இல்லீங்க" என்றாள்.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"வந்தா சொல்லும்மா" என்றேன். வேட்டியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பும் பஸ் வரும்வரை தெருமுனையில் நின்றேன். தறி ஒரு தடவைகூட நிற்கவில்லை.