வேட்டியில் எண்ணெய்க் கறை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-8-1934

அன்புள்ள தெய்வானைக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம், நீ கவலைப்பட ஒன்றுமில்லை. நீ கொடுத்தனுப்பிய வேட்டி சலவையிலிருந்து கறுப்புத் திட்டுகளோடு வந்தது. சலவைக்காரர் சடையனைத் தெருவில் நிறுத்திக் கத்திவிட்டேன். "கை தவறிப்போச்சு தம்பி, மன்னிச்சுக்க" என்றார். பெரிய மனதோடு மன்னித்தேன். பார்த்திருந்த நாலைந்து வீட்டார் அவரிடம் துணி போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நேற்று ஆற்றுக்குக் குளிக்கப் போனபோதுதான் கவனித்தேன். எங்கள் லோரிப் பட்டறைச் சாக்கடை, அவர் துவைக்கும் கல்லுக்குச் சற்று மேலேதான் ஆற்றில் விழுகிறது. தினமும் மாலையில் கழிவெண்ணெயை அதில் ஊற்றுகிறவன் நான். கரையோரம் சிறு மீன்கள் செத்து மிதந்தன.

இன்று முதல் எண்ணெயைத் தகர டின்னில் பிடித்துவைக்கிறேன். கரையான் ஏறாமல் தூண்களுக்குப் பூச மரக்கடைக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் தம்பி கப்பலேறும்போது உவர்மண் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பு. அதில் ஊறவைத்தால் கறை போய்விடும் என்று சடையன் இன்னும் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். புது வேட்டி வேண்டாம், நீ மடித்துக் கொடுத்த இதுவே போதும்.

அவரிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. முதலில் உனக்கு எழுதிப் பார்த்தேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு ஆற்றுக்குப் போகிறேன். இந்நேரம் அவர் அங்கேதான் துவைத்துக்கொண்டிருப்பார்.

உன்
வேலாயுதம்