சதயத்தன்று கடை இல்லை

2003 ஆகஸ்ட் 29, வெள்ளி

இந்த வாரமும் எங்கள் கேபிள் சேனலில் ஐந்து நிமிடச் சாப்பாட்டுச் செய்தி வாசித்தேன். ஏத்தன் வாழைக்காய் விலை ஏறிவிட்டது. சாலைக் கடைத்தெருவில் உப்பேரி சிப்ஸ் வறுக்க அடுப்பு மூட்டியாயிற்று. ஸ்ரீவராகம் தெருக்களில் போளிக்கு இப்போதே ஆர்டர் எடுக்கிறார்கள்.

பாயசத்தோடு பிசைந்து தின்னப் போளி இல்லாவிட்டால் இந்த மலையாள ஊருக்கு ஓணமே இல்லை. போளி தட்டுகிற தமிழர்கள் மட்டும் ஏளனமாக 'பாண்டிகள்'.

வாசித்து முடித்து இறங்கி வந்ததும் அபிஜித் சேட்டன், "எடீ ஜெஸ்லின், நீ வார்த்த வாயிக்குகயாணோ, வழக்கு பறயுகயாணோ?" என்றார். செய்தி வாசிக்கிறேனா, சண்டை போடுகிறேனா என்று சேனல் முதலாளி கேட்கத்தான் செய்வார். கொத்தனார் மகளின் குரல், சண்டை போடுவது மாதிரித்தான் இருக்கும். என்ன செய்ய?

செப்டம்பர் 2, செவ்வாய்

பழவங்காடியில் அழகியநம்பி அண்ணாச்சி ஹோட்டல். திருவோண சத்யா விருந்துப் பார்சலுக்கு இப்போதே கூட்டம். எத்தனை பாயசம் என்று கேட்டு வரப் போனவள், வழி தவறிப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

மலை மாதிரி சேனைக்கிழங்கு. நடுவில் ஒரு அக்கா, பெயர் மாடம்மாள், அரிவாள்மணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வெங்காயமும் இல்லை அங்கே.

"அடுத்த வாரம் புதன்கெழம என் மவளுக்குப் பூ வைக்க வாராக. பெத்தவ இல்லாம யாருட்டி தட்ட வாங்குவா?"

நாளை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்றேன். மாப்பிள்ளை பட்டாளமாம், வியாழன் காலையில் ரயில் ஏறிவிடுவானாம். அவள் ஊர் வள்ளியூர் என்ன தூரம், காலையில் போய் ராத்திரி திரும்பலாம். ஆனால் அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "ஓணம் முடியிறவரைக்கும் லீவுன்னு எவ வாயத் தொறந்தாலும் அப்படியே ஊருக்குப் போயிரணும். திரும்பி வரப்புடாது."

முதலாளி திருநெல்வேலி, வேலையாட்கள் திருநெல்வேலி, ஓணம் மலையாளிக்கு. யார் மேல் கோபப்படுவது? நான் எல்லார் மேலும் படுகிறேன்.

செப்டம்பர் 3

அடுத்த புதன்கிழமை சதயம். நாலாம் ஓணம், பண்டிகையின் கடைசி நாள். அன்றைக்குமா ஊர் சத்யா தின்னும்?

செப்டம்பர் 5, வெள்ளி

தூங்குமுன் எழுதிவிடுகிறேன்.

கேமராக்காரரும் நானும் அண்ணாச்சியைப் பேட்டி எடுக்கப் போனோம். பட்டு ஜிப்பா, விபூதி, பின்னால் வாடகைக் குத்துவிளக்கு. பாயசம், போளி, பச்சடி எல்லாம் கேட்டேன். கடைசியில், "ஊருக்கெல்லாம் ஓணம் போடுறீங்க அண்ணாச்சி. உங்க சமையல்காரங்களுக்கு என்னைக்கு ஓணம்?" என்றேன். இது சொல்லிவைத்த கேள்வி இல்லை.

ஜிப்பாவை நீவிக்கொண்டார். பிறகு கேமராவைப் பார்த்து மலர்ந்தார்.

"சதயத்தன்னைக்கு! அன்னைக்குக் கடையே கிடையாது. எல்லாரும் எம் பிள்ளைங்கதானே!"

கேமராவை அணைத்ததும் ஜிப்பாவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் டிவிக்குச் சொல்லுததும்மா. அந்த எடத்த வெட்டிருங்க."

அபிஜித் சேட்டனிடம் டேப்பைப் போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி ஓண விளம்பரம் தருகிறவர், வெட்டு என்றுதான் சேட்டனும் முதலில் சொன்னார். கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை, வேலையை விடுகிறேன் என்றதுவரை ஞாபகமிருக்கிறது. சேட்டன் இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தார். 'எம் பிள்ளைங்கதானே' வந்ததும் சிரித்துவிட்டார்.

"அயாள் பறஞ்ஞதல்லே? பறஞ்ஞால் வார்த்த." அவரே சொன்னதுதானே, சொன்னால் அது செய்திதான் என்றார்.

ஏழு மணிச் செய்தியில் வெட்டாமல் போனது. அப்புறம் திரையின் அடியில் ராத்திரி முழுக்க எழுத்தாக ஓடியது: சதயத்தன்று பழவங்காடி ஹோட்டல் விடுமுறை, தொழிலாளர்களுக்கு ஓணம்.

செப்டம்பர் 6

காலையிலேயே அண்ணாச்சி போன். விளம்பரம் கட். அந்தப் பொண்ண வெளியேத்து. சேட்டன் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே தேநீர் குடித்தார்.

மாடம்மாக்காவுக்கு இதனால் வேலை போய்விட்டால்? எனக்கென்ன, நான் கேள்வி கேட்டுவிட்டு வந்துவிட்டேன். சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் மறுபடியும் போன், குரல் வேறு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கல்லாவுக்கே வந்து கைகுலுக்கினாராம். கோயிலுக்குப் போகிற பெண்கள் 'நல்ல மனுஷன்' என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். "இனி எப்படித் தொறக்க? ஊரு சிரிச்சிராதா? சரி, அந்த விளம்பரம் வழக்கம்போல ஓடட்டும்."

கர்த்தாவே, தற்பெருமையைப் படைத்ததற்கு உமக்கு ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 8, திருவோணம்

மூன்று மணிக்குமேல் பின்கட்டுக்குப் போனேன். உள்ளே கடைசிப் பந்தி. இங்கே சமையல்காரர்கள் முன்னால் ஓர் இலைகூட இல்லை. எனக்குத் தலைக்கேறியது. "உங்களுக்குப் போடலையா? வாங்க, இப்பவே கேட்கிறேன்."

பாயசம் கிண்டுகிற வன்னியராஜ் சிரித்தான். "ஏ தாயி, சும்மா இரி. மூணு நாளா மூக்குல பாயசம். அந்த எலையக் கண்டாலே கொமட்டுது. அண்ணாச்சி வாங்க வாங்கன்னுதான் கூப்புட்டாரு."

சுவரோரம், கரித்தணலில் சாளைக் கருவாடு. சுத்த சைவ ஹோட்டலின் பின்புறத்தில்! ஒருவன் வாடை உள்ளே போகாமல் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தான்.

"இதையும் டிவில போட்றாதட்டி," என்றாள் மாடம்மாக்கா. பழைய சோற்றைப் பிழிந்து என் கையில் வைத்து, மேலே சுட்ட கருவாடு. ஒரு வருஷமாக ஊரில் யார் என்ன தின்கிறார்கள் என்று வாசிக்கிறேன். என்னைத் தின்னச் சொன்னவர்கள் இவர்கள்தான். கையில் புகை வாடை இன்னும் இருக்கிறது. சோப்புப் போடவில்லை.

புதன்கிழமைக்குக் கூலி கிடையாதாம். அது வேறு. கேட்டதும் கருவாடு கசந்தது. "போட்டும்ட்டி, தட்டு வாங்குவம்லா," என்றாள்.

செப்டம்பர் 10, சதயம்

ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். இந்நேரம் பூ வைத்திருப்பார்கள். அக்கம்பக்கத்தில் வேறு கடையும் இல்லை. பட்டினியாக வீட்டுக்கு நடந்தேன், நல்ல வெயில், நல்ல நாள்.

2004 ஆகஸ்ட் 25, புதன்

ஓண விளம்பரம் வாங்க அண்ணாச்சியிடம் போனேன். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பாயசம் நாலு வகை, போளி உண்டு, சதயத்தன்று 'பதிவுபோல் அவதி', அதாவது வழக்கம்போல் விடுமுறை.

"பதிவுபோலா அண்ணாச்சி?"

"பின்னே? எங்க கடையில அது வழக்கம்லா."

எவ்வளவோ சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒன்று மட்டும் கேட்டேன்: "அன்னைக்குக் கூலி?"

மாடம்மாக்கா கறிவேப்பிலைக் கட்டோடு உள்ளே போனவள், அப்படியே நின்றாள். மகளுக்குத் தையில் கல்யாணம் முடிந்துவிட்டது. அண்ணாச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"உண்டு, உண்டு," என்றார்.

நான் கேமரா கொண்டுபோகவில்லை.