ஒற்றைச் செருப்பு

என் வீட்டு மகாராசாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் மூக்குநுனிக் கோபமும் எப்படி?

நீங்கள் இன்னும் இருக்கும் நம் அகதி முகாமிலிருந்து இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு அக்காவுக்கு வீடு ஒழுங்கு செய்து கொடுத்தேன். மறுநாள் போனால், கட்டிலில் செருப்போடு படுத்திருக்கிறார்!

"கட்டில் நடக்காதுக்கா, கழட்டுங்க."

"திடீர்னு ஓடச் சொன்னா?"

"இங்க யாரும் சொல்லமாட்டாங்க. நானும் ஒரு வருஷம் இப்படித்தான் தூங்கினேன்."

ஒன்றைக் கழற்றினார். "மத்தது நாளைக்கு" என்று தூங்கிப்போனார். ஜன்னல் வெயிலில் அந்த வெறுங்கால் மீன்போல மிதந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கால் மாதிரியே தெரிந்தது.

தாளில் பாதத்தை வைத்துக் கோடு போட்டு அனுப்புங்கள், ஷூ வாங்கணும். நீங்கள் வந்து அதைக் கழற்றி வைக்க என் கட்டிலடியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாயாடி